நாளுக்கு ஒரு படம்: வீட்டைச் சுற்றி ஓராண்டு

தினம் ஒரு படம் எடுப்பது என்று உற்சாகமாகத் தொடங்குகிறவர்கள் பலர் மூன்றாவது, நான்காவது வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். அழகான இடத்தைத் தேடிப் போனால்தான் படம் கிடைக்கும் என்று நினைத்துத் தொடங்குவதுதான் முக்கியக் காரணம். வேலை நாளில் யாரால் ஏலகிரிக்குப் போக முடியும்? ஆகவே இந்த அத்தியாயம் வேறு வழியைச் சொல்கிறது. உங்கள் வீட்டு வாசலிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்கும் தெரு, மரம், குளம், கடை, மொட்டை மாடி இவற்றை மட்டும் வைத்து ஓராண்டு எடுங்கள். நீங்கள் நகராவிட்டாலும் பருவங்கள் நகரும்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் ஜேமி லிவிங்ஸ்டன் 1979 மார்ச் 31 முதல் 1997 அக்டோபரில் இறக்கும்வரை போலராய்டு எஸ்எக்ஸ்-70 கேமராவில் நாளுக்கு ஒரு படம் எடுத்தார். சாப்பாட்டு மேசை, நண்பர்கள், தெரு என்று பெரும்பாலும் சாதாரணக் காட்சிகள்தாம். அவருடைய நண்பர்கள் 2007இல் அவற்றைத் திரட்டி, அவர் படித்த பார்ட் கல்லூரியில் காட்சிக்கு வைத்தபோது ஒரு வாழ்க்கையே அங்கே வரிசையாக நின்றது. தனித்தனியாகப் பார்த்தால் அவற்றில் பல படங்கள் சுமாரானவை. தேதியும் தொடர்ச்சியும்தான் அவற்றுக்கு மதிப்பைக் கொடுத்தன.

தொடங்கும் முன் முடிவு செய்யுங்கள்

1. எல்லை. ஒரு தாளில் வீட்டை நடுவில் குறித்து, நடந்து போகக்கூடிய இடங்களை எழுதுங்கள். இருபது பெயராவது தேறும். டீக்கடை, பேருந்து நிறுத்தம், கோயில் குளம், பக்கத்து வீட்டு முருங்கை எல்லாம் சேர்த்தி.

2. நேரம். கடிகார மணியோடு கட்டாதீர்கள். ஏற்கெனவே தினமும் செய்யும் ஒரு வேலையோடு கட்டுங்கள்: பால் வாங்கப் போவது, குழந்தையைப் பள்ளியில் விடுவது, மாடியில் துணி எடுப்பது. பழக்கம் இப்படித்தான் ஒட்டும். அலாரம் வைத்து எழுந்து எடுப்பது சில நாட்களிலேயே சலித்துவிடும்.

3. ஒரு சாட்சி மரம். எல்லைக்குள் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒரு நாள் ஒரே இடத்தில் நின்று அதை எடுங்கள். நிற்கும் இடத்துக்கு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். சாக்கடை மூடி, மைல்கல், கேட் தூண் எதுவானாலும் சரி. இலை உதிர்க்கும் மரம் என்றால் சிறப்பு: புங்கை, நாட்டு வாதுமை, வேம்பு.

4. கருவி. உங்களிடம் உள்ள ஃபோன் போதும். இதற்கென்று கேமரா வாங்காதீர்கள். ஆறு மாதம் தொடர்ந்து எடுத்தபின் எது குறைகிறது என்று உங்களுக்கே தெரியும். அப்போது வாங்குவது வீணாகாது.

5. விடுபட்ட நாள். காய்ச்சல் வரும், துக்கம் வரும், மறந்தும் போகும். அந்த நாளை வெற்றாக விடுங்கள். மறுநாள் இரண்டு எடுத்து ஒன்றுக்கு முன்தேதி போட்டால் தொகுப்பு முழுவதும் சந்தேகத்துக்குரியதாகிவிடும்.

தினமும் செய்ய வேண்டிய வரிசை

1. லென்ஸைத் துடையுங்கள். மென்மையான பருத்தித் துணி போதும். சட்டைப் பையின் வியர்வையும் விரல் எண்ணெயும் படிந்த லென்ஸில் விளக்குகள் கீற்றுக் கீற்றாக இழுக்கும். வெயில் பட்டால் படம் முழுவதும் வெளிறும். படம் மங்கலாக வருகிறது என்று ஃபோனைக் குறை சொல்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

2. கேமரா அமைப்பில் கிரிட் கோடுகளைப் போடுங்கள். அடிவானம், சுவர், கம்பம் சாயாமல் இருக்க அவை உதவும்.

3. ஃபோனை எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் வெறுமனே நில்லுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, என்ன அசைகிறது, பின்னணியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

4. நெருங்கிப் போங்கள். இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கும் ஜூம் பெரும்பாலும் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான், நுணுக்கம் போய்விடும்.

5. எடுக்கும் பொருளின் மேல் திரையில் விரலால் அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலை மேலும் கீழும் இழுத்து வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

6. முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சை மெல்ல விட்டபடி எடுங்கள். ஒலியளவுப் பொத்தானைக் கொண்டு எடுத்தால் ஃபோன் குறைவாக ஆடும்.

7. மூன்று முதல் ஐந்து படம். அதற்கு மேல் வேண்டாம்.

8. இரவு தூங்கும் முன் அவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: தேதி, இடம், என்ன நடந்தது. மற்றவற்றை அழித்துவிடுங்கள்.

எட்டாவது படியைத்தான் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். தேர்ந்தெடுக்கும்போதுதான் கண் பழகும். இந்தப் படத்தில் கை சரியான இடத்தில் இருக்கிறது, அதில் கம்பம் தலைக்கு மேல் முளைத்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரியும். எடுக்கிற படங்களையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டே போகிறவர், ஆண்டு முடிவில் திறந்து பார்க்கவே மலைத்துப் போவார்.

வெளிச்சத்தை எப்படிப் பிடிப்பது

நம் ஊர் வெயில் கடுமையானது. காலை எட்டரை மணி வரையிலும் மாலை நாலரைக்குப் பிறகும் ஒளி சாய்வாக விழும். சுவரின் சொரசொரப்பு, முகத்தின் சுருக்கம், கோலமாவின் மேடு எல்லாம் தெரியும். நடுப்பகலில் நெற்றிக்குக் கீழே கண்கள் கறுப்புக் குழியாகிவிடும். பகலில்தான் நேரம் கிடைக்கும் என்றால் நிழலுக்குள் போங்கள். திண்ணை, பந்தல், கடையின் தார்ப்பாய்க் கூரை, ஜன்னலோரம் ஆகிய இடங்களில் ஒளி மென்மையாக இருக்கும்.

சென்னையில் மே மாதக் கடைசியில் சூரியன் 5.40 மணி வாக்கில் எழும், ஜனவரியில் 6.35 வாக்கில். ஆறரை மணிக்கு எடுக்கிற அதே தெரு, ஒரு மாதத்தில் நல்ல வெயிலிலும் இன்னொரு மாதத்தில் சூரியன் எழுமுன் உள்ள மங்கிய ஒளியிலும் கிடப்பதை உங்கள் படங்களிலேயே பார்ப்பீர்கள். சூரியன் எழும் இடமும் நகரும். கடற்கரையில் ஒரே இடத்தில் நின்றால் ஜூன் மாதம் நேர்கிழக்கிலிருந்து வடக்கே தள்ளியும், டிசம்பரில் தெற்கே தள்ளியும் எழுவது தெரியும். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 48 பாகை வித்தியாசம். மாதம் ஒரு படம் என்று பன்னிரண்டு எடுத்து வரிசையாக வைத்தால் பள்ளிப் பாடத்தில் படித்தது கண்முன் நிற்கும்.

வெள்ளையும் கறுப்பும். கேமரா எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பலாகக் கருதித்தான் வெளிச்சத்தை அளக்கிறது. கருத்த சேற்று வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு அதனால் சிறகு தெரியாத வெள்ளைத் திட்டாகிவிடும். வெளிச்சத்தைக் குறையுங்கள். வெளுத்த வானத்தின் முன் கம்பியில் உட்கார்ந்த காகம் வெறும் நிழலுருவாக வரும். கழுத்தின் சாம்பல் நிறம் தெரிய வேண்டுமானால் கூட்டுங்கள். திரையை நிறைக்கும் எருமை கறுப்பாகத் தெரியாமல் சாம்பல் பூசியதுபோல் வந்தால் குறையுங்கள். இந்த மூன்றையும் வெவ்வேறு நாட்களில் முயன்றால் வெளிச்ச அளவு பற்றி வேறு பாடம் தேவைப்படாது.

பயிற்சி: ஒரு பூவரசம்பூ, இரண்டு நாள்

பூவரசு மரம் இருக்கும் தெரு என்றால் இந்தப் பயிற்சியை முதல் மாதத்திலேயே செய்யுங்கள். பூ மலரும்போது வெளிர் மஞ்சள். அடியில் கருஞ்சிவப்புத் திட்டு. பொழுது ஏற ஏற நிறம் மாறி, வாடும்போது செம்மையும் ஊதாவும் கலந்த நிறத்துக்கு வந்து உதிரும்.

1. கைக்கு எட்டும் உயரத்தில், நிழலில் உள்ள பூவைத் தேர்ந்தெடுத்துக் காம்பில் ஒரு நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். மாலையில் அதே பூவைக் கண்டுபிடிக்க வேண்டும்.

2. ஃபோனை ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். பல ஃபோன்களின் முதன்மை லென்ஸ், அதைவிட மிக நெருங்கினால் ஃபோகஸ் ஆகாது.

3. ஃபோகஸ் பின்னணி இலைக்கு ஓடினால் பூவுக்குப் பக்கத்தில், அதே தூரத்தில் உங்கள் உள்ளங்கையை வையுங்கள். கையின் மேல் ஃபோகஸைப் பூட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

4. காற்று அடித்தால் காத்திருங்கள். இரண்டு வீச்சுக்கு நடுவே கிளை நிற்கும் நொடி ஒன்று உண்டு.

5. காலை, நண்பகல், மாலை, மறுநாள் காலை என்று நான்கு வேளையும் ஒரே தூரம், ஒரே கோணம். உதிர்ந்த பூவைத் தரையில் கிடந்தபடியே எடுங்கள். எடுத்து அழகாக வைக்க வேண்டாம்.

நாளுக்கு ஒன்று என்ற விதிப்படி முதல் நாளுக்கு ஒன்றும் மறுநாளுக்கு ஒன்றும் தொகுப்பில் சேரும். மற்றவை பயிற்சிக்கு. கட்டிய நூலை அவிழ்க்க மறக்காதீர்கள்.

மாதம் தரும் காட்சிகள்

என்ன எடுப்பது என்று கை ஓய்ந்து நிற்கும் நாளில் இந்தப் பகுதியைப் புரட்டுங்கள்.

தை. பொங்கல் பானையை எதிர்வெயிலில் எடுங்கள். ஆவிக்குப் பின்னால் சூரியனோ கருத்த சுவரோ இருந்தால்தான் ஆவி படத்தில் விழும். டீக்கடைப் பாய்லருக்கும் இட்லிப் பானைக்கும் இதே விதிதான்.

மாசி, பங்குனி. நாட்டு வாதுமை இலை சிவந்து உதிரும். இலையைச் சூரியனுக்கு எதிராகப் பிடித்தால் நரம்பு முழுதும் தெரியும். கல்யாண முருங்கை இலையில்லாமல் சிவப்பாகப் பூக்கும். தேன் குடிக்க மைனாவும் காகமும் வரும். புங்கையில் தளிர் வரும் நாட்களைத் தவறவிடாதீர்கள். அந்த வெளிர்பச்சைப் பளபளப்பு சில நாள்தான் இருக்கும்.

சித்திரை, வைகாசி. வேப்பம்பூ, சரக்கொன்றை, நுங்கு வண்டி. சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். செங்குத்தாக நிற்கும் பொருளின் நிழல் அதன் அடியிலேயே ஒளிந்துகொள்ளும். மாடியில் ஒரு தம்ளரைக் கவிழ்த்து வைத்து 12.05க்கும் 12.15க்கும் இடையே எடுத்துப் பாருங்கள். தெற்கே போகப் போக, சித்திரையில் இந்த நாள் முன்னதாக வரும். கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரம்.

ஆனி, ஆடி. காற்றுக் காலம். பூவை எடுப்பது சிரமம். ஆகவே காற்றையே எடுங்கள். கொடியில் படபடக்கும் புடவை, கவிழும் குடை, தென்னை ஓலை. காவிரிக் கரையில் இருப்பவர்களுக்கு வாய்க்காலில் முதல் தண்ணீர் வரும் நாள் ஆண்டின் மிக நல்ல படமாகலாம். மேட்டூர் அணையைக் குறுவைக்குத் திறக்க வழக்கமான தேதி ஜூன் 12. உங்கள் ஊர் வாய்க்காலுக்கு எப்போது வருகிறது என்று பக்கத்து விவசாயியைக் கேட்டு வையுங்கள்.

ஆவணி, புரட்டாசி. சாயங்கால மழைக்கு முன் திரளும் மேகம், தாழப் பறக்கும் தட்டான்கள், கொலுப் பொம்மைகள்.

ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை. தேங்கிய நீரில் கடை விளக்கு தலைகீழாக நிற்கும். ஃபோனைத் தண்ணீர்ப் பரப்புக்கு ஒட்டினாற்போல் தாழ்த்துங்கள், பிம்பம் பெரிதாகும். மரவட்டை, நத்தை, சுவர்ப்பாசி ஆகியவற்றுக்கு இதுவே காலம். கார்த்திகை விளக்கை எடுக்கும்போது ஃபிளாஷை அணைத்து, ஃபோனைச் சுவரிலோ படியிலோ சாய்த்து, சுடரின் மேல் விரல் வைத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். சுடரின் வடிவம் கிடைக்கும்.

மார்கழி. கோலம். நேர் மேலிருந்து எடுத்தால் வடிவம் கிடைக்கும். தரையோடு தாழ்ந்து எடுத்தால் மாவின் மேடு கிடைக்கும். போடும் கையை எடுப்பது இரண்டையும்விடச் சிறந்தது. கேட்டுவிட்டு எடுங்கள்.

மனிதர்களை எடுக்கும்போது

தெருவில் இருப்பதாலேயே ஒருவர் உங்கள் படத்துக்குச் சம்மதித்தவர் ஆகமாட்டார். “அக்கா, நீங்க பூ கட்டுறதை ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்க ஐந்து விநாடி போதும். “வேண்டாம்ப்பா” என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். சரி என்றால் அவர் வேலைக்குத் திரும்பும்வரை காத்திருங்கள். கேமராவைப் பார்த்து விறைத்த முகம் தளர்ந்துவிடும். எடுத்ததைக் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் அவர் முன்பே அழியுங்கள்.

பெற்றோர் அனுமதி இல்லாமல் குழந்தைகளை எடுக்காதீர்கள். குளிக்கும் துறை, மருத்துவமனை, துக்க வீடு, தெருவில் உறங்குபவர்கள் வேண்டவே வேண்டாம். கோயிலுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. வாசலில் உள்ள அறிவிப்பைப் படித்து நடந்துகொள்ளுங்கள். கோபுர வாசலில் பூக்கடை, செருப்பு வைக்கும் இடம், யானையின் காலடித் தூசி என்று வெளியிலேயே எவ்வளவோ இருக்கிறது.

பறவைகளும் பூச்சிகளும்

ஃபோனால் தூரத்துப் பறவையை எடுக்க முடியாது. பறவை இருக்கும் காட்சியை எடுங்கள்: வயல், அதில் ஓரமாக ஒரு மடையான். அதே மடையான் இனப்பெருக்கக் காலத்தில் முதுகு கருஞ்சிவப்பாக மாறி நிற்பதைச் சில மாதம் கழித்து எடுத்தால் இரண்டும் சேர்ந்து ஒரு கதை சொல்லும். வேளச்சேரி, பெரும்பாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்குப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலமே நடை தூரம். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம் அது. கூழைக்கடாவும் நீலத் தாழைக்கோழியும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் கிடைக்கும்.

பறவை மேய்வதை நிறுத்திக் கழுத்தை நீட்டிப் பார்த்தால் நீங்கள் மிக நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். பின்வாங்குங்கள். கூட்டை எடுக்காதீர்கள், கூட்டை மறைக்கும் இலையை விலக்கவே கூடாது. நீங்கள் விலக்கிய வழியாகக் காகம் உள்ளே வரும்.

அடிக்கடி நேரும் தவறுகள்

- சூரியோதயம், அஸ்தமனம் மட்டுமே எடுப்பது. வாரம் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.
- எல்லாவற்றையும் நின்ற உயரத்திலிருந்தே எடுப்பது. நாய்க்குட்டிக்கும் செடிக்கும் குந்தி உட்காருங்கள்.
- படத்தின் நான்கு மூலைகளையும் பாராமல் எடுப்பது. பிளாஸ்டிக் கவர், பாதி கை, கம்பி அங்கேதான் ஒளிந்திருக்கும்.
- நிறத்தை மிதமிஞ்சிக் கூட்டுவது. வேப்பிலை உண்மையில் எவ்வளவு பச்சையோ அவ்வளவே இருக்கட்டும். இல்லாவிட்டால் பங்குனித் தளிருக்கும் ஆடி இலைக்கும் வித்தியாசம் தெரியாது.
- விருப்பக்குறி எண்ணிக்கைக்காக எடுப்பது. முதல் மூன்று மாதம் யாருக்கும் அனுப்பாமல் இருந்து பாருங்கள்.

பாதுகாப்பு

நடந்துகொண்டே திரையைப் பார்க்காதீர்கள். நில்லுங்கள், எடுங்கள், ஃபோனைப் பைக்குள் வையுங்கள், பிறகு நடங்கள். மாடியில் பின்னோக்கி நகர்ந்து எடுப்பது கூடவே கூடாது.

தண்டவாளம். ரயில் பாதையில் அத்துமீறி நுழைவது 1989 ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றம்; ஆறு மாதம் வரை சிறை, 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிர்போகும் ஆபத்து அதைவிடப் பெரிது. நடைமேம்பாலத்திலிருந்து எடுங்கள்.

நீர்நிலை. குளத்துப் படியில் பச்சையாகத் தெரியும் பாசியில் கால் வைக்காதீர்கள். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். அலைத்தடுப்புக் கற்களின் மேல் ஏறாதீர்கள்.

இடி மின்னல். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மொட்டை மாடியும் தனிமரத்தடியும் ஆகாது.

பாம்பு. புல்வெளியிலும் கல் இடுக்கிலும் கை வைக்கும் முன் பாருங்கள். மூடிய செருப்பு போடுங்கள். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டவோ கீறவோ கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்து, அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மழையும் ஃபோனும். நனைந்த ஃபோனை உடனே சார்ஜில் போடாதீர்கள். கடற்கரையிலிருந்து வந்தால் ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்துணியால் துடையுங்கள்; உப்பு படியாது.

சூரியன். கண்ணை வைத்துப் பார்க்கும் கேமரா வைத்திருப்பவர்கள் அதன் வழியே சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. விழித்திரை நிரந்தரமாகப் பழுதாகலாம்.

சேமிப்பதும் அச்சிடுவதும்

1. மாதத்துக்கு ஒரு ஃபோல்டர். கோப்பின் பெயர் 2026-01-14 என்ற முறையில் ஆண்டு, மாதம், நாள் என்று இருந்தால் தானாக வரிசையில் நிற்கும்.

2. ஒரு படம் 4 எம்பி என்றால் ஓராண்டுக்கு 1.5 ஜிபிதான். கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என மூன்று பிரதி வையுங்கள். ஃபோன் தொலைந்த அன்றைக்கு யோசித்துப் பயனில்லை.

3. வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பினால் படம் சுருங்கும். அச்சுக்கு அனுப்பும்போது ஆவணமாக அனுப்புங்கள். ஆனால் ஆவணமாகப் போகும் படத்தில் எடுத்த இடத்தின் தகவலும் கூடவே போகலாம். குழந்தைகள், வீடு, பறவைகள் கூடும் இடம் ஆகிய படங்களில் அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

4. மாதக் கடைசியில் முப்பது படங்களையும் சேர்த்துப் பார்த்து ஒன்றை அச்சுக்குத் தேர்ந்தெடுங்கள். ஆண்டு முடிவில் பன்னிரண்டு. அழகானதைவிட அந்த மாதத்தைச் சொல்லும் படத்துக்கு முதலிடம் கொடுங்கள்.

5. அச்சிட்ட படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். மென்முனை மார்க்கரால் தேதியும் இடமும் எழுதி, மை உலர்ந்தபின் அடுக்குங்கள். சட்டம் போட்டால் கண்ணாடி படத்தைத் தொடாமல் நடுவே அட்டை வைக்கச் சொல்லுங்கள். மழைக்கால ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது.

6. உங்கள் படத்தில் வந்தவர்களுக்கு, பூக்காரருக்கும் டீ மாஸ்டருக்கும் வாய்க்கால் வெட்டியவருக்கும், 4×6 அளவில் ஒரு பிரதி எடுத்துக் கொடுங்கள். அவர்களில் பலரிடம் தாங்கள் வேலை செய்யும்போது எடுத்த படம் ஒன்றுகூட இருக்காது.